பார்கின்சன் மாத்திரையை மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 67 வயது. எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருந்தார். ஐந்து வருடம் முன்பு வலது கை நடுங்க ஆரம்பித்தது. மதுரையில் காட்டியதில் பார்கின்சன், அதாவது நடுக்குவாதம் என்றார்கள். சிண்டோபா 110 மாத்திரையை ஒரு நாளைக்கு நான்கு வேளை போடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்று வருடம் நன்றாக இருந்தார். இப்போது மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்திலேயே பவர் இறங்கிவிடுகிறது. "இப்பவே எல்லாத்தையும் சாப்பிட்டுட்டா பின்னாடி மருந்து கேக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு மாதமாக இரண்டு வேளைதான் போடுகிறார். வாசப்படி தாண்டும்போது கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். இரவில் தூக்கத்தில் கத்துகிறார், அம்மாவை ஒருமுறை உதைத்தும்விட்டார். அளவு நோட்டில் அவர் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. கடைக்குப் போவதில்லை, கல்யாணம் காட்சிக்கும் வருவதில்லை. பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தால் குணமாகும் என்கிறார்கள். தலைசுற்றலுக்கு மெடிக்கலில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். இந்த நோய் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா? என் மூளையை நான் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?
- ஒரு மகள், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த இரண்டு வேளைக் கணக்கைத்தான். வாசப்படியில் நிற்பது, வீட்டோடு முடங்கியது என்று நீங்கள் சொல்லும் பலதும் அதோடு சம்பந்தப்பட்டிருக்கலாம். அப்பா மாத்திரையைச் சேமிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கையில் இருக்கும் நல்ல பகல் பொழுதுகளை இழந்துகொண்டிருக்கிறார்.

முதல் மூன்று வருடம் சரியாக வேலை செய்த அதே மாத்திரை இப்போது ஏன் மூன்று மணி நேரத்தில் இறங்குகிறது என்று உங்களுக்குக் குழப்பம் இருக்கும். மூளையின் அடித்தண்டுப் பகுதியில் கருமை நிறச் செல்கள் கொண்ட ஒரு சிறிய இடம் இருக்கிறது. உடல் அசைவு இலகுவாக நடக்கத் தேவையான டோபமின் அங்கேதான் உற்பத்தியாகிறது. கை நடுக்கம் வெளியே தெரியும்போதே அந்தச் செல்களில் பெரும் பகுதி அழிந்திருக்கும். சிண்டோபாவில் இருக்கும் லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் செல்கள் அதைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இருக்கிற வீட்டில் கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி சிறுத்துக்கொண்டே போனால், மோட்டார் ஓடுகிற நேரம் மட்டும்தான் தண்ணீர். லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. தேக்கி வைக்க ஆள் இல்லாதபோது அது ஏறுவதும் இறங்குவதும் அப்படியே உடம்பில் தெரிகிறது.

ஆகவே பவர் சீக்கிரம் இறங்குவதற்குக் காரணம் நோய் நகர்ந்திருப்பது. அப்பா மருந்தை அதிகமாகச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை. இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கானாவில் மருந்து கிடைக்காத காரணத்தால் பலர் வருடக்கணக்கில் தாமதமாகவே லெவோடோபாவைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் மருந்தை 'சேமித்தவர்கள்' என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் மருந்து இடையில் இறங்குவதும், உடம்பு தானாக நெளிந்து ஆடுவதும் இரு நாட்டிலும் நோய் வந்து ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஆரம்பித்தன. தாமதித்தவர்களுக்கு மிஞ்சியது, நடமாட முடியாமல் கழித்த வருடங்கள் மட்டுமே. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நாற்பது வயதில் நோய் வந்தவர்களுக்கும், ஒவ்வொரு வேளையும் அதிக அளவு சாப்பிடுபவர்களுக்கும் அந்த நெளிவு ஆட்டம் கூடுதலாக வரும் என்பது உண்மை. அதனால் டாக்டர் அளவாகத்தான் எழுதுவார். அவர் அளவாக எழுதியதை நாம் மேலும் குறைப்பதில் எந்த லாபமும் இல்லை.

இரண்டு மாதம் பாதி அளவில் இருந்துவிட்டதால், நாளைக் காலையிலேயே நான்காக ஏற்றிவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரைப் பார்த்து, எப்படி ஏற்ற வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். அதேபோல மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டையாக இறுகுவது, நினைவு குழம்புவது என்று உயிருக்கே கேடு வரலாம். வெளியூர்ப் பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோவது, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருப்பது, இந்த இரண்டு சமயத்திலும்தான் வீட்டார் கோட்டை விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மாத்திரை நேரத்தை ஒரு தாளில் எழுதி நர்ஸ் கையில் கொடுங்கள். "காலை, மதியம், இரவு" என்று எழுதினால் போதாது. 7 மணி, 11 மணி, 3 மணி, 7 மணி என்று எழுதுங்கள். பார்கின்சனில் அரை மணி நேரத் தாமதம்கூட ஒருவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிடும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். மாத்திரை போட்ட நேரம், உடம்பு இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம், நெளிவு வந்தால் அந்த நேரம், சாப்பிட்ட நேரம், இவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் இப்படி ஒரு தாளோடு வருபவர்களுக்கு மருந்தைச் சரிசெய்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்து மாத்திரைகளுக்கு இடையிலான நேரத்தைக் குறைக்கலாம், லெவோடோபா நீண்ட நேரம் நிற்க உதவும் என்டகபோன், ரசகிலின் போன்றவற்றைச் சேர்க்கலாம். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் வகை மாத்திரைகளைச் சேர்த்தால் வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு அடக்க முடியாத ஆசைகள் வரும். செல்போனில் ரம்மி ஆடிப் பணத்தை விடுவது, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, தீனி, காம உணர்வு என்று எதுவாகவும் இருக்கலாம். அது மருந்தின் பக்கவிளைவு. அவருடைய குணம் கெட்டுவிட்டது என்று எண்ணிச் சண்டை போடாமல் டாக்டரிடம் சொன்னால், மருந்தை மாற்றியதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி சாப்பாடு. லெவோடோபா குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வழியும், புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் போகும் வழியும் ஒன்றுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மாத்திரை பின்னால் தள்ளப்படும். டிபனோடு மாத்திரை, மதியம் பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை என்று பழகியிருந்தால் அதை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ, ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு ரஸ்க் கொடுக்கலாம். இதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், ஆள் மெலிந்து விழுந்துவிடுவார். மதிய மாத்திரை மட்டும் சரியாக வேலை செய்யவில்லை என்றால், பருப்பையும் முட்டையையும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். இது இந்த நோயின் பகுதி, நடுக்கம் வருவதற்கு வருடங்கள் முன்பே தொடங்கிவிடுவது. குடல் மந்தமாக இருந்தால் மாத்திரை உள்ளே போகவே நேரமாகும்.

தலைசுற்றலுக்கு மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் அந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். ஸ்டெமெட்டில் என்கிற புரோகுளோர்பெராசின், ஸ்டுஜெரான் என்கிற சின்னரிசின், ஃப்ளூனாரிசின், இதில் எது இருந்தாலும் இனி கொடுக்காதீர்கள். வாந்திக்குப் போடும் பெரிநார்ம், அதாவது மெட்டோகுளோபிரமைடு ஊசியும் கூடாது. இவை எல்லாமே டோபமின் வேலை செய்யும் இடத்தை அடைப்பவை. பார்கின்சன் இல்லாத முதியவர்களுக்கே மாதக்கணக்கில் கொடுத்தால் பார்கின்சன் மாதிரியான இறுக்கத்தையும் நடுக்கத்தையும் வரவழைக்கும். இருக்கிறவர்களுக்குக் கொடுத்தால் ஒரு பக்கம் மருந்து கொடுத்து மறு பக்கம் பூட்டிவிட்ட கதை. நம் ஊரில் தலைசுற்றல் மாத்திரை மிட்டாய் போலக் கிடைக்கிறது, வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். இந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் காட்டட்டும். வாந்திக்கு டோம்பெரிடோன் போன்ற மாற்று இருக்கிறது. இதயத்தில் கோளாறு இருந்தால் அதையும் டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

அவருடைய தலைசுற்றல் எழுந்து நிற்கும்போது வருகிறதா என்று கவனியுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு இருபதோ அதற்கு மேலோ இறங்கினால் தலைசுற்றலுக்கு அது காரணமாக இருக்கலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை இவற்றின் அளவை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

பூனைக்காலியை வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நடுக்குவாதத்துக்கு நம் நாட்டு வைத்தியத்தில் அதைக் கொடுத்து வந்ததற்கு அடிப்படை உண்டு. சிக்கலும் அங்கேதான். ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது விதைக்கு விதை, பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் தெரியாமலே இரட்டை அளவு போகும். வாந்தி, பிரஷர் இறங்குவது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். அதில் இருப்பதும் சிண்டோபாவில் இருப்பதும் அடிப்படையில் ஒரே மருந்து என்பதால், குணமாக்கிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

மாத்திரை சரியானதும் அது தரும் நேரத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உடம்பு இளகியிருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். வீட்டுக்குள் சோபாவைச் சுற்றி வருவது நடையல்ல. மூச்சு வாங்குமளவு, கைவீசி, காலை நீட்டி வைத்து, அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது. நடுக்கத்துக்கு மருந்து இருப்பதுபோல, சமநிலை தடுமாறுவதற்கு நல்ல மருந்து இல்லை. அந்த இடத்தைப் பயிற்சிதான் ஓரளவு நிரப்புகிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று முறை காட்டி, அவருக்கு ஏற்ற பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்தால் போதும், பிறகு வீட்டிலேயே செய்யலாம்.

வாசப்படியில் கால் ஒட்டிக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார். "நில்லுங்கப்பா" என்று சொல்லி, நிமிரச் செய்து, எடையை இடமும் வலமுமாக ஒரு தடவை மாற்றச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு, தூக்குங்க" என்று எண்ணுங்கள். தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எழும்பும். அவர் தையல்காரர், வீட்டில் கலர் டேப்புக்கும் சாக்குக்கட்டிக்கும் பஞ்சமிருக்காது. வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கழிப்பறை வாசலிலும், ஓரடி இடைவெளியில் குறுக்கே பட்டையாக ஒட்டுங்கள். தானாக வரும் நடைக்கு ஒரு பாதையும், கண்ணால் பார்த்துக் குறிவைத்து வைக்கும் அடிக்கு வேறொரு பாதையும் மூளையில் இருப்பதால் இது வேலை செய்கிறது. நாலடி நடக்க முடியாமல் உறைந்து நின்ற ஒரு நெதர்லாந்து நோயாளி சைக்கிளில் ஏறி இயல்பாக ஓட்டிப் போனதை 2010-இல் அங்குள்ள மருத்துவர்கள் வீடியோவோடு வெளியிட்டார்கள். அப்பாவை ரோட்டில் சைக்கிள் ஓட்ட விடச் சொல்லவில்லை. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் அவருக்கு நல்லது.

எழுத்து சிறுத்ததும் நோயின் வேலைதான். பழைய அளவு நோட்டுகள் இருந்தால் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள், கை நடுங்குவதற்கு முன்பே எழுத்து சுருங்க ஆரம்பித்திருக்கலாம். வரி போட்ட நோட்டில், இரண்டு வரி உயரத்துக்குப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். குரலும் இப்படித்தான் சிறுத்துப்போகும். அவர் காதுக்குத் தான் சத்தமாகப் பேசுவதாகவே தோன்றும். தினமும் பேப்பரை அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசிக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது என்றால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரவில் கத்துவதும் உதைப்பதும் கெட்ட கனவோ காற்றுக் கருப்போ இல்லை. கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருக்க மூளை போட்டிருக்கும் பூட்டு இந்த நோயில் கழன்றுவிடும். கனவில் யாரோ விரட்டினால் படுக்கையில் உதைப்பார். இதுவும் பலருக்கு நடுக்கத்துக்கு வருடங்கள் முன்பே தொடங்கும். அம்மா கொஞ்ச நாள் வேறு கட்டிலில் படுக்கட்டும், அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. கட்டில் பக்கத்தில் டேபிள் ஃபேன், சொம்பு, கண்ணாடி எதுவும் வேண்டாம். தரையோடு மெத்தை போட்டுவிட்டால் உத்தமம் என்று தோன்றும், ஆனால் அங்கிருந்து எழுந்திருப்பது அவருக்குச் சிரமம், தாழ்வான கட்டிலே நல்லது. மெலடோனின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, கேளுங்கள்.

கடைக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் இருப்பதை வெட்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பந்தியில் சாம்பார் சிந்திவிடுமோ என்ற கூச்சம் இருக்கும்தான். ஆனால் மனச்சோர்வு இந்த நோயில் மூளையின் ரசாயன மாற்றத்தாலேயே வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கம், பசி, பேச்சு எல்லாம் குறைந்து, "எதுக்கு இருக்கணும்" என்கிற மாதிரி பேசினால் தள்ளிப்போடாதீர்கள். அவரைத் தைக்கச் சொல்ல வேண்டாம். கடையில் உட்கார்ந்து துணி பார்த்து, அளவு சொல்லி, வேலை செய்கிற பையனுக்குக் கற்றுக்கொடுக்கலாமே. இவ்வளவு காலம் கையில் இருந்த தொழில் கண்ணிலும் வாயிலும் இன்னும் இருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரமாகப் பார்த்துப் போய்வரட்டும். கல்யாணத்துக்கும் அப்படியே, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை போட்டுக் கூட்டிப் போங்கள்.

மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். ஆபரேஷனைப் பற்றி யாராவது சொல்வார்கள். மாத்திரைக்கு உடம்பு நன்றாகக் கேட்டு, ஆனால் ஏற்ற இறக்கம் சமாளிக்க முடியாமல் போகிறவர்களுக்கு அது பலன் தரும். மருந்தே இன்னும் சரியாகக் கொடுத்துப் பார்க்காத நிலையில் அந்தப் பேச்சுக்கு அவசரமில்லை. பிற்பாடு தேவைப்பட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் ஆலோசனை கேட்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்கின்சனும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, உதவித்தொகைக்கு அவர் தகுதி பெறுவாரா என்று கேளுங்கள்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. அப்பாவுக்கு அறுபதுக்கு மேல் வந்திருக்கிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் உங்களுக்கான ஆபத்து மற்றவர்களைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மரபணு சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தடுக்க மாத்திரை எதுவும் கிடையாது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளோடு, குறிப்பாகப் பாராகுவாட்டோடு, இந்த நோய்க்குத் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் யாராவது தோட்டத்துக்கு மருந்து அடிப்பவர் என்றால் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அடிக்க விடாதீர்கள். காற்றுக்கு எதிராக அடிக்கக் கூடாது, கலக்கிய கையால் பீடியோ சாப்பாடோ தொடக் கூடாது, அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு ஊற வைக்கக் கூடாது.

மூளையைக் காப்பது என்று பொதுவாகக் கேட்டால், பக்கவாதத்தையும் மறதி நோயையும் சேர்த்தே யோசியுங்கள், அவைதான் உங்கள் வயதில் தொடங்கித் தடுக்கக்கூடியவை. லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024-இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றை எல்லாம் சரிசெய்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் உழைப்பின்மை எல்லாம் நீங்கள் எதிர்பார்த்தவை. காது கேளாமையும் தலைக்காயமும் அதில் இருப்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அம்மாவுக்குக் காது மந்தமாக இருந்தால் வயசு என்று விடாமல் மிஷின் வாங்கிக் கொடுங்கள். வண்டியில் பின்னால் உட்காரும்போதும் ஹெல்மெட் போடுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர் என்றால் வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்பாவைக் கூட்டிப் போகும் அன்றைக்கே அதையும் முடித்துவிடுங்கள்.